இருப்புப் பதிவேட்டில் ஒரு ஜோடிக் கண்கள்

ஆரணியிலிருந்து களம்பூர் போகும் சாலையில் ராசியில்லாத கல்யாண மண்டபம் ஒன்று உண்டு. அங்கே தாலி கட்டிய முதல் மூன்று ஜோடிகளும் வருஷம் திரும்புவதற்குள் கோர்ட்டுக்குப் போய்விட்டதால் நான்காவது ஜோடி வரவேயில்லை. ஐந்து வருஷம் பூட்டிக் கிடந்த அந்த மண்டபத்தை அரசாங்கம் வாடகைக்கு எடுத்து, ‘உயர்நிலை உயிர்ப்பட்டு விழியொட்டு ஆராய்ச்சி நடுவம்’ என்று பலகை மாட்டியது. பலகையைப் படித்து முடிப்பதற்குள் பஸ் மண்டபத்தைத் தாண்டிவிடும். ஆகவே ஊரில் எல்லோரும் நடுவம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டோம்.

நான் நடுவத்துக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அவர்களுடைய ஒவ்வொரு காகிதமும் மூன்று பிரதியாக என் மிஷினில் ஏறி இறங்கியது. அதனால் நான் சொல்லப்போவதில் பாதி நானே படித்தது. மீதி, சம்பந்தப்பட்டவர்கள் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து சொன்னது.

மண்டபத்தில் மணமகள் அறைக்கு மட்டும் ஏசி இருந்தது. ஆகவே அது தூசி நுழையாத ஆய்வகம் ஆயிற்று. சாப்பாட்டுக் கூடத்தில் மைக்ராஸ்கோப்புகள் பந்தி வரிசையில் உட்கார்ந்தன. மணமேடையில் இயக்குநரின் மேஜை. பின்னால் கிளியும் தாமரையும் வரைந்த பழைய பலகை அப்படியே இருக்க, அதன் நடுவில் முனைவர் ஜெயவேல் மாப்பிள்ளை போல உட்கார்ந்திருப்பார். பார்க்க வருகிறவர்கள் கீழே நின்று அண்ணாந்து பேச வேண்டும்.

நடுவத்தின் வேலை கான்டாக்ட் லென்ஸ் செய்வது. கழற்றி மாட்டுகிற லென்ஸ் அல்ல. ஒரு தடவை மாட்டினால் தூங்கும்போதும் கண்ணிலேயே கிடந்து, முப்பது நாள் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். இதில் இருக்கிற சிக்கலை எனக்கு விளக்கியவன் தமிழ்செல்வன். நடுவத்தில் உண்மையாகவே ஆராய்ச்சி செய்த ஒரே ஆள். கருவிழியின் மேல் கண்ணாடி போல இருக்கும் தோலுக்கு ரத்தக்குழாய் கிடையாதாம். வேண்டிய ஆக்சிஜனை அது நேராகக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். தூங்கும்போது இமையின் உள்பக்கம் கொடுக்கிற கொஞ்சத்தை வாங்கிச் சமாளிக்கும். அதன் மேல் ஒரு மூடியைப் போட்டால் அந்த மூடி காற்றை விட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணுக்கு மூச்சு முட்டும். சிலிக்கோன் காற்றை நன்றாக விடும், ஆனால் தண்ணீர் ஒட்டாமல் கண்ணில் வறண்டுபோகும். தண்ணீரை உறிஞ்சும் பொருள் மெத்தென்று இருக்கும், ஆனால் காற்றைப் போதுமான அளவு விடாது. இந்த இரண்டையும் சம்பந்திகளாக்கி ஒரே வீட்டில் குடிவைப்பதுதான் இந்தத் துறையில் இருக்கும் எல்லோருக்கும் தலைவலி. தமிழ்செல்வன் நடுவில் பட்டுநூலின் புரதத்தைப் போட்டுச் சமாதானம் செய்துவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முனைவர் ஜெயவேலுக்கு வேறு அனுபவம் இருந்தது. சைக்கிள் டியூபில் காற்று இறங்காமல் இருக்கும் ரப்பருக்காக இருபத்திரண்டு வருஷம் உழைத்தவர் அவர். பதவி உயர்வுப் பட்டியலில் அடுத்த பெயர் அவருடையது, காலியாக இருந்த நாற்காலி இது. காற்று போக வேண்டிய வேலைக்கு, காற்றைப் போகவிடாமல் பேரெடுத்தவரை அனுப்பினார்கள். இதில் தவறு இருப்பதாக ஒரு காகிதத்திலும் இல்லை. மூன்று பிரதியும் நான்தான் எடுத்தேன்.

முதல் லென்ஸ்கள் தயாரானபோது தமிழ்செல்வன் சோதித்துப் பார்த்தான். இரவிலும் போட்டுக்கொள்ள நூறு பங்கு ஆக்சிஜன் போக வேண்டும் என்றால் இதில் போனது முப்பத்து மூன்று. பகலில் வேண்டுமானால் போடலாம், தூங்கினால் ஆபத்து, இன்னும் ஒரு வருஷம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தான். மணமேடையிலிருந்து பதில் உடனே வந்தது.

“முப்பத்தஞ்சு எடுத்தா பாஸ். நீ முப்பத்து மூணு எடுத்திருக்க. நான் ரெண்டு மார்க்கு கருணை மதிப்பெண் போட்டுத் தரேன். பெரிய மனசு வேணும்ப்பா விஞ்ஞானத்துக்கு.”

லென்ஸ் பாஸாகிவிட்டது. இனி அதைப் போட ஒரு கண் வேண்டும்.

முள்ளிப்பட்டு சகாயமேரிக்கு முப்பத்தாறு வயது. வீட்டிலேயே தறி. ஆரணியில் அருணாச்சலம் முதலாளி பட்டும் ஜரிகையும் கொடுப்பார், இவள் நெய்து கொடுப்பாள். உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக இழைக்கு இழை கோத்து நெய்கிற சேலையில் அவளுக்கு அந்தத் தெருவில் இணை கிடையாது. கண்தான் மக்கர், மைனஸ் ஏழு. குனிந்து நெய்யும்போது வேர்வையில் கண்ணாடி மூக்கை விட்டு இறங்கும். போன வைகாசியில் அப்படி விழுந்ததில் தறியில் நீளவாக்கில் ஏற்றியிருந்த பாவில் முப்பது இழை அறுந்துபோயிற்று. கழற்றி மாட்டுகிற லென்ஸும் அவளுக்கு ஆகாது. சாயமும் பட்டுத்தூசியும் படிந்த விரலைத் தினம் இரண்டு தடவை கண்ணில் விட முடியுமா? கண் சரியாகத் தெரிந்தால் கார்த்திகை முகூர்த்தத்துச் சேலைகள் உனக்குத்தான் என்று அருணாச்சலம் சொல்லியிருந்தார். அந்த வாரம்தான் நடுவத்தின் ஜீப் ஒலிபெருக்கியோடு தெருவுக்கு வந்து, முப்பது நாளைக்குக் கை வைக்க வேண்டாம் என்று கூவிக்கொண்டு போனது.

களம்பூர் ரைஸ்மில்லில் வேலை செய்யும் அவள் புருஷன் சத்தியராஜுக்கு இது பிடிக்கவில்லை. “நல்ல சரக்குன்னா மைக்கு வெச்சி ஏன் கூவிகினு போறான்?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் அரசாங்கம் கண்ணைக் குத்துமா என்று சகாயமேரி பெயர் கொடுத்துவிட்டாள்.

ஒப்புதல் படிவம் ஒன்பது பக்கம். மூன்று பிரதியிலுமாக இருபத்தேழு கையெழுத்துப் போட்டாள். லென்ஸுக்குச் சேதம் வந்தால் பயனாளியே பொறுப்பு என்று எட்டாம் பக்கத்தில் இருந்தது. கண்ணுக்குச் சேதம் வந்தால் யார் பொறுப்பு என்பது பத்தாம் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். படிவம் ஒன்பதோடு முடிந்துவிட்டது.

உண்மையைச் சொல்ல வேண்டும், முதல் மூன்று நாள் அவளுக்குச் சொர்க்கம்தான். மூக்கில் பாரமில்லாமல், ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிய, ஒரு கரைச்சேலையில் ஒன்றரை முழம் பிசகில்லாமல் இறக்கினாள். அருணாச்சலம் வந்து பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவர் தலையாட்டுவது பெரிய விஷயம்.

நான்காம் நாள் ஸ்டோர் கீப்பர் தருமன் லீவு முடிந்து வந்தார். தருமன் தன் வேலையில் தர்மராஜாதான். கட்டடத்துக்குள் வரும் துடைப்பத்துக்குக்கூட எண் போட்டு இருப்புப் பதிவேட்டில் ஏற்றாமல் அவருக்குச் சோறு இறங்காது. இரண்டு லென்ஸ் எண் இல்லாமல் வெளியே போயிருப்பது தெரிந்ததும் ஆள் விட்டு சகாயமேரியை வரவழைத்தார். லென்ஸ் மேல் எண் எழுத முடியாது என்று தமிழ்செல்வன் காலில் விழாத குறையாகச் சொன்னான். தருமன் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பொருளின் மீது எழுத இயலாவிட்டால் அது வைக்கப்பட்டிருக்கும் பெட்டி அல்லது அலமாரியின் மீது எழுதலாம் என்று இருந்தது. அப்படியாக 46, 47 என்ற இரண்டு எண்கள் அட்டையில் எழுதப்பட்டு சகாயமேரியின் கழுத்தில் தொங்கின. பதிவேட்டில் ‘வைப்பிடம்’ என்ற கட்டத்தில் அவள் பெயர் ஏறியது. மேலே 45 சுழல் நாற்காலி, கீழே 48 கொசுவத்தி ஸ்டாண்டு.

எண் வந்தால் விதியும் கூடவே வரும். நடுவத்தின் பொருள் வாசலைத் தாண்ட வேண்டுமானால் வெளியேற்றுச் சீட்டு வேண்டும். சீட்டு ஒரு நாளைக்குத்தான் செல்லும். சகாயமேரி தினமும் காலையில் பஸ் ஏறி வந்து, கண்களைக் காட்டி, அவை இரண்டும் இருப்பதாகச் சான்று பெற்று, சீட்டை வாங்கிக்கொண்டு மறுபடியும் பஸ் ஏற வேண்டும். தறி மத்தியானம்தான் ஓடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

ஞாயிற்றுக்கிழமைச் சீட்டில் நோக்கம் என்ற இடத்தில் மாதா கோயில் பூசை என்று எழுதியிருந்தாள். தருமன் சிவப்பு மையால் அடித்தார். அரசுப் பொருளை மத நிகழ்ச்சிக்குப் பயன்படுத்தக் கூடாதாம். முடிவில், பூசை நேரம் முழுவதும் கண்ணை மூடிக்கொள்வதாக எழுதிக் கொடுத்த பிறகு விட்டார். சாமியார் அப்பத்தை உயர்த்தியபோது அவள் பார்க்கவில்லை. சத்தியராஜ் பக்கத்தில் நின்று என்ன நடக்கிறது என்று காதில் சொன்னான்.

பத்தாம் நாளுக்குமேல் கண் சிவந்தது. பிறகு எரிந்தது. வெளிச்சத்தைப் பார்த்தால் தண்ணீர் கொட்டியது, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தது. தினப்படிவத்தில் மூன்று கட்டங்கள்தான் உண்டு: மிக நன்று, நன்று, திருப்தி. கண் எரிகிறது என்பதற்கு எதில் டிக் போடுவது என்று சகாயமேரி கேட்டாள். எரிச்சல் ‘திருப்தி’யில் வரும், தாங்க முடியாத எரிச்சலானாலும் அதே கட்டம்தான் என்றார் தருமன்.

தமிழ்செல்வன் பார்த்தான். வெள்ளைவிழியிலிருந்து மெல்லிய ரத்தக்குழாய்கள் கருவிழி ஓரத்துக்குள் கால் வைத்திருந்தன. காற்று கிடைக்காத கண், ரத்தத்தைக் கூப்பிட்டுப் பார்க்கிறது. லென்ஸை உடனே எடுக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டு மணமேடைக்கு ஓடினான். இயக்குநர் படித்துவிட்டு, சகாயமேரியைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

“பயப்படாதம்மா. கருவிழியில ரத்தக்குழாயே கிடையாதுன்னு உலகமே சொல்லுது. இல்லாத எடத்துக்கு நாம ரத்த ஓட்டம் கொண்டாந்திருக்கோம். உன் கண்ணு சரித்திரத்துல வரும்.”

“எனுக்கு தறியில வந்தா போதுங்க சார்,” என்றாள் சகாயமேரி.

அவர் சிரித்தார். பிறகு விதியைச் சொன்னார். லென்ஸின் ஆயுள் முப்பது நாள். அதற்கு முன் எடுத்தால் சேதம் என்று கணக்கு. சேதமான பொருளைக் கழிவு செய்ய மூன்று பேர் குழு வேண்டும். குழுவில் ஒருவர் டெல்லி. அவருடைய பயணத்துக்கு ஒப்புதல் அடுத்த மாதம் வரும். அதுவரை கண் கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டும்.

இந்த நிலையில் ஆயுத பூஜை வந்தது. பண்டிகைக்கு முந்தின நாளே, லீவு வீணாகாமல், ஆபீசில் பூஜை போட்டுவிடுவது வழக்கம். லென்ஸ் மாட்டி அன்றோடு பத்தொன்பது நாள். சுற்றறிக்கையை நான்தான் பிரதி எடுத்தேன். எல்லாக் கருவிகளும் துடைக்கப்பட்டு, சந்தனம் குங்குமம் இடப்பட்டு, விடுமுறை முடியும்வரை ஓய்வில் வைக்கப்பட வேண்டும். வெளியில் உள்ள பொருட்கள் உடனே திரும்பப் பெறப்பட வேண்டும். வெளியில் இருந்தவை மூன்று: ஒரு ஜீப், 46, 47. மத நிகழ்ச்சி ஆகாதே என்று நான் தருமனைக் கேட்டேன். இது மதம் இல்லை, ஆபீஸ் என்றார்.

ஜீப் முள்ளிப்பட்டுக்குப் போய் சகாயமேரியை ஏற்றிக்கொண்டு வந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் மைக்ராஸ்கோப்புக்கும் தராசுக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். தருமன் பணிவாகத்தான் சொன்னார்.

“நீ கண்ணத் தொறந்தா லென்ஸ் வேல செய்யுதுன்னு அர்த்தம்மா. இன்னிக்கி எந்தக் கருவியும் வேல செய்யக் கூடாது. மூடிக்கோ.”

அவள் மூடிக்கொண்டாள். ஆளுக்கு ஒரு விரலாக வந்து இரண்டு இமையிலும் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தார்கள். திறந்தால் பொட்டு கலைந்துவிடும், கலைந்தால் அபசகுனம். தேங்காய் உடைந்தது. இயக்குநர் ஒரு உரை ஆற்றினார். கருவிகள் நமக்குத் தாய் போன்றவை, தாயை வேலை வாங்கக் கூடாது என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பதினொரு மணிக்குப் பொரி, கடலை, வாழைப்பழம் வாங்கிக்கொண்டு அவரவர் ஊர் பஸ்ஸைப் பிடித்தார்கள். தமிழ்செல்வன் அங்கே இல்லை. முனைவர் பட்டம் வாங்கியவனைத் திருவண்ணாமலையில் உள்ள மேலதிகாரிகளுக்குப் பொரிப் பொட்டலம் கொடுக்க அதிகாலையிலேயே அனுப்பிவிட்டார்கள்.

லீவு நாட்களில் பொருட்கள் எங்கே போகும் என்ற கேள்வி நடுவத்தில் அதுவரை எழுந்ததில்லை. அலமாரி எங்கேயும் போகாது. சகாயமேரியையும் யாரும் கேட்கவில்லை, அனுப்பவும் இல்லை. காற்றே போகாத மூடிக்கு மேல் இமையையும் மூடி, அதற்கு மேல் சந்தனத்தையும் பூசிக்கொண்டு அவள் மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குள் மிளகாய் அரைப்பது போல இருந்ததாம். பொறுக்க முடியாமல் எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே வாசலுக்கு வந்து கண்ணைத் திறந்தாள். வெளிச்சம் தெரிந்தது, வாசல் தெரியவில்லை. எல்லாம் ஆவி பிடித்த கண்ணாடி போல இருந்தது. வாட்ச்மேன் துரை நல்ல மனுஷன். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான், கேட்டைத் திறக்கவில்லை. ஸ்டோர் சார் கையெழுத்துப் போடாமல் பொருள் வெளியே போனால் அவன் வேலை போய்விடும். ஸ்டோர் சார் போனை எடுக்கவில்லை.

நான்கு மணிக்கு சத்தியராஜ் மில்லிலிருந்து பைக்கில் வந்தான். துரையின் சட்டையைப் பிடித்தான். சத்தம் கேட்டு நான் கடையை விட்டு ஓடினேன். அந்த நேரத்தில் திருவண்ணாமலை பஸ்ஸிலிருந்து தமிழ்செல்வன் காலிப் பையோடு இறங்கினான். அவளைப் பார்த்தவன் பையைக் கீழே போட்டுவிட்டான். யாரிடமும் சண்டை போடவில்லை. ஒரு நிமிஷம் நின்று யோசித்துவிட்டு துரையிடம் கேட்டான்.

“பதிவேட்டுல இருக்கற பொருளு லென்ஸுதானே?”

“ஆமாங்க.”

“லென்ஸு இங்கியே இருக்கட்டும். அக்கா வீட்டுக்குப் போவட்டும்.”

துரை விதியை மனசுக்குள் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தான். பொருள் உள்ளே இருந்தால் அவனுக்கு ஆட்சேபணை இல்லை. தமிழ்செல்வன் கை கழுவி, உப்புநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கால்மணி நேரம் காத்திருந்தான். வலது கண் லென்ஸ் நழுவி வந்தது. இடது கண்ணில் ஒட்டிக்கொண்டிருந்ததை எடுக்கும்போது சகாயமேரி சத்தியராஜின் கையைக் கடித்துவிட்டாள். இரண்டையும் குப்பியில் போட்டு மூடி, 46, 47 என்று எழுதி மேஜைமேல் வைத்தான். நாற்காலியில் அட்டை மட்டும் கிடந்தது. கேட் திறந்தது.

வேலூரில் பார்த்த கண் டாக்டர், இன்னும் ஒரு நாள் மூடி வைத்திருந்தால் இரண்டு கண்ணும் போயிருக்கும் என்றார். வலது கண் பத்து நாளில் தெளிந்தது. இடது கண்ணில் புண்ணாகி, ஆறி, நடுவில் அரிசிக் குருணை அளவு வெள்ளை நின்றுவிட்டது. ஒற்றைக் கண்ணால் கரை கோத்து நெய்ய முடியாது, இழையின் தூரம் பிடிபடாது. அருணாச்சலம் கார்த்திகைச் சேலைகளை வேறு தெருவுக்குக் கொடுத்தார். சகாயமேரிக்கு நூல் சுற்றிக் கொடுக்கும் வேலையைக் கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆனாலும் எனக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று தெரியாமல் அன்று முழுக்க மிஷினைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

விடுமுறை முடிந்து நடுவம் திறந்ததும் மேஜைமேல் குப்பியைப் பார்த்தார்கள். பொருள் பத்திரமாக இருந்ததில் எல்லோருக்கும் நிம்மதி. மணமகள் அறையில் ஏசிக்குக் கீழே வைத்து, மீதிப் பதினோரு நாளும் தினப்படிவத்தை ஒழுங்காக நிரப்பினார்கள். முப்பதாம் நாள் அறிக்கை என்னிடம் பிரதிக்கு வந்தது. முதல் பத்தொன்பது நாட்கள் ‘திருப்தி’. அடுத்த பதினோரு நாட்கள் சிவப்பு இல்லை, நீர் வடிதல் இல்லை, பயனாளியிடமிருந்து ஒரு புகாரும் இல்லை, ‘மிக நன்று’. நாளாக ஆகக் கண்ணோடு பொருந்திப்போகும் தன்மை இந்த லென்ஸின் சிறப்பு என்று முடிவுரையில் எழுதியிருந்தார்கள். குப்பியைப் பற்றி ஒரு வரி இல்லை.

அறிக்கைக்கு டெல்லியில் கேடயம் கிடைத்தது. சகாயமேரிக்கு, அனுமதியின்றி ஆய்விலிருந்து வெளியேறியதற்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் கிடைத்தது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். உண்மையை எழுதி மேலிடத்துக்கு அனுப்பிய தமிழ்செல்வனை வாழைநார் ஆராய்ச்சிக்கு மாற்றினார்கள்.

தை மாதம் இரண்டாம் கட்டத்துக்கு ஒப்புதல் வந்தது. ஆரணி சுற்று வட்டாரத்தில் நூறு நெசவாளர்கள், இருநூறு கண்கள். ஒரே ஒரு காகிதம் குறைந்தது. முதல் பயனாளி கையெழுத்துப் போட்ட பரிந்துரைக் கடிதம். அதற்காக முனைவர் ஜெயவேல் மணமேடையை விட்டு இறங்கி, தருமனோடு ஜீப்பில் முள்ளிப்பட்டுக்கே வந்தார். மூன்று பிரதியை எடுத்துக்கொண்டு நானும் போக வேண்டியிருந்தது.

சகாயமேரி கண்ணாடி போட்டுக்கொண்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். இயக்குநர் சால்வை போர்த்தினார். நோட்டீஸை ரத்து செய்வதாகச் சொன்னார். விஞ்ஞானம் முன்னேற யாராவது கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றும், அவள் கொடுத்தது கொஞ்சம்தான் என்றும் சொன்னார். பிறகு கடிதத்தை நீட்டி, தன் பேனாவைத் திறந்து கொடுத்தார். சத்தியராஜ் கதவருகில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அவள் கடிதத்தை வலது கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து முழுவதும் படித்தாள். அவசரப்படவில்லை.

“கையெழுத்து போடறேங்க சார். மொதல்ல நீங்க ஒரு ஜோடி மாட்டிகினு ஒரே ஒரு ராத்திரி தூங்கி எந்திரிங்க. காலைல வாங்க, போட்டுத் தரேன்.”

ஜெயவேல் அதிர்ந்துபோனார். கோபம்கூட இல்லை. ஒரு குழந்தை நெருப்பில் கை வைக்கப் போவதைப் பார்த்தவர் போல, உண்மையான கவலையோடு தருமனைப் பார்த்தார். தருமனும் தலையை ஆட்டி, அது நடக்காத காரியம் என்பதை உறுதி செய்தார்.

“நான் எப்படிம்மா போட முடியும்? நான் அரசு ஊழியர். அரசுப் பொருளச் சொந்த உபயோகத்துக்கு எடுத்தேன்னு வெச்சிக்கோ, என் வேலையே போயிடும்.”

“எனுக்குப் பூட்ச்சிங்க சார்,” என்றாள் சகாயமேரி. பேனாவை மூடி அவரிடமே கொடுத்தாள். கடிதத்தை என்னிடம் கொடுக்கவில்லை. நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, நான் பிரதி எடுத்த இரண்டாம் கட்டப் பட்டியலில் இருந்த நூறு வீடுகளும் எந்தெந்தத் தெரு என்று என்னைக் கேட்டாள். நான் சொன்னேன்.